மணல் விதைத்த பாத்தி

எங்கள் தெருவில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது வீட்டைப் பிரித்தார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பிரித்தார்கள், வாசலுக்கு முன்னால் கிடந்த மண்ணையும் பிரித்து நடுவில் நெஞ்சளவுக்கு ஒரு சுவர் வைத்தார்கள். பெண்டாட்டிகள் இரண்டு பேரையும்தான் அவர்களால் பிரிக்க முடியவில்லை. இந்தப் பக்கம் மூத்தவள் தும்மினால், எதற்காகத் தும்மினாள் என்று அந்தப் பக்கம் இளையவள் யோசிப்பாள். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓரகத்திகளுக்குள் இருக்கும் அந்தக் கவனத்துக்குப் பெயர் வேறு.

நான் எதிர்வீட்டு மாடியில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். வெளிச்சத்துக்காக மிஷினை ஜன்னலோரம் போட்டது. இரண்டு தோட்டமும் அங்கிருந்து தெரிவது தற்செயல். ஊசியில் நூல் கோர்க்கும்போதுகூட என் கண் எதிர்வீட்டில்தான் இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். சுத்தப் பொய். நூல் கோர்க்கும்போது ஊசியைத்தான் பார்ப்பேன்.

தெருக்கோடியில் ஆஸ்பத்திரி. அங்கே கேன்டீன் நடத்துகிற அக்காவுக்குக் காய்கறியெல்லாம் மார்க்கெட்டிலிருந்து வண்டியில் வந்து இறங்கிவிடும். நோயாளிகளுக்கு வைக்கிற சூப்புக்கு மட்டும் அன்றன்றைக்குப் பறித்ததுதான் வேண்டும் அவளுக்கு. அதனால் தினமும் காலையில் கூடையோடு எங்கள் தெருவுக்கு வருவாள். பறிப்பதற்குக் கொஞ்ச நேரம். வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி பேசுவதற்கு அதைவிட நிறைய நேரம். எந்த டாக்டருக்கு எந்த டாக்டரோடு பேச்சு வார்த்தை இல்லை, எந்த வார்டில் எந்த மாமியாருக்கு எந்த மருமகள் கஞ்சி ஊட்ட மாட்டேன் என்றாள், எல்லாம் அவள் வாயிலிருந்து சுடச்சுட வரும்.

ரொம்ப வருஷம் அவள் உட்கார்ந்தது மூத்தவள் வீட்டுப் படியில்தான். மூத்தவளுக்கு இரண்டு பையன்கள், ஆளுக்கொரு ஊரில் குடும்பமாக இருக்கிறார்கள். கணவர் எலக்ட்ரீஷியன். விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருவார், வந்தாலும் பேசுகிற ஜாதி இல்லை. அந்தக் காலை டீ ஒன்றுதான் அவளுக்குப் பொழுது. மீதி நாள் முழுக்க, அக்கா சொன்னதை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள்.

ஆனால் அவள் விதைக்கிற விதம் இருக்கிறதே. பாக்கெட்டைக் கிழித்தால் கடைசி விதை வரை அன்றைக்கே மண்ணில் போய்விட வேண்டும். மிச்சம் வைத்தால் தூக்கம் வராது. விளைவு என்ன? கத்திரிக்காய் வந்தால் வெள்ளமாக வரும். அவள் கூடையோடு தெருவில் இறங்கினால் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதற்கப்புறம் செடி ஓய்ந்துவிடும். வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு அவளும் உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு வெறும் மண் காலத்தில்தான் கேன்டீன் அக்கா பட்டென்று சொல்லிவிட்டாள். "வருஷம் பூரா எந்த வீட்ல பச்சையா இருக்கோ, அந்த வீட்டுக்குத்தான் நான் வர முடியும். நோயாளி என்ன சீசன் பாத்தா படுக்கிறான்?" கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நேராகப் பக்கத்து வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள்.

இளையவள் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்தினது தெரியாமல் எடுப்பாள் என்று பேர். மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. கணவர் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர், காலையில் வந்து படுத்தால் வீட்டில் ஒரு கரண்டி விழக்கூடாது. பூனை மாதிரி நடந்து நடந்து அவளுக்குப் பேச்சே மறந்துவிடும் போலிருந்தது. வாசல்படிக்கு ஒரு ஆள் வந்து உட்கார்ந்ததும் அவள் முகத்தில் வந்த பளபளப்பை நான் பார்த்தேன். மூத்தவளும் பார்த்தாள்.

இளையவளுடைய தோட்டத்தில் வருஷம் முழுக்கப் பச்சை இருந்ததற்குக் காரணம் மந்திரம் இல்லை. மண்ணை நாலு பாத்தியாகப் பிரித்து வைத்திருந்தாள். எந்த விதையையும் ஒரு சிட்டிகைக்கு மேல் போட மாட்டாள். போட்டது முளைத்து, முதலில் வருகிற முளை இலை போக, நிஜமான இலை இரண்டு விட்டதும் அடுத்த பாத்தியில் அடுத்த சிட்டிகை. ஒன்று முடிகிற சமயம் இன்னொன்று கைக்கு வந்திருக்கும். குளிருக்கு முள்ளங்கி, கேரட், கீரை. மழைக்கு பீன்ஸ். வெயிலுக்கு வெண்டை. கிழங்கு இருந்த இடத்தில் கீரை, கீரை இருந்த இடத்தில் காய். விதைத்த பாத்தியின் தலைமாட்டில் ஒரு குச்சியை நட்டு, காலிப் பாக்கெட்டை அதற்குக் குல்லா போல மாட்டிவிடுவாள், எங்கே எது என்று மறக்காமலிருக்க.

அந்தக் குல்லாதான் வினை. மூத்தவள் குள்ளம், சுவர் அவளுக்குக் கழுத்து வரை வரும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றால் அந்தப் பக்கத்துக் குல்லா ஒவ்வொன்றையும் படிக்கலாம். துணி காயப்போடுகிற சாக்கில் ஏறுவாள். அவள் வீட்டில் அத்தனை துணி கிடையாது. ஒரே துண்டை நாலு தடவை உலர்த்தினதை நான் பார்த்திருக்கிறேன். இளையவள் என்ன போட்டாளோ அதே பாக்கெட்டைக் கணவரிடம் சொல்லி வாங்கிவரச் சொல்லி, மறுநாளே இவளும் போட்டாள். சிட்டிகை அளவு உள்பட அப்படியே காப்பி. பாக்கெட்டில் மிச்சம் வைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சும்மா சொல்லக்கூடாது, பலன் இருந்தது. இந்தப் பக்கம் பீன்ஸ் காய்த்தால் அந்தப் பக்கமும் பீன்ஸ். கேன்டீன் அக்கா இளையவள் படியில் உட்கார்ந்துகொண்டே, "அங்கேயும் நல்லாத்தான் வந்திருக்கு, இல்ல?" என்று ஒருநாள் சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் இளையவளுக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

அன்று ராத்திரி வேலை முடிந்து திரும்பின கையோடு, லேப் கோட்டுக்கு இடுப்பைப் பிடிக்க வேண்டும் என்று என்னிடம் வந்தாள். கோட் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குக் கொட்ட வேண்டியிருந்தது. "நான் ஒரு வருஷத்தைத் தலைக்குள்ள வச்சு யோசிச்சுப் போடுறேன். அவங்க ஒரு வாளி மேல ஏறி நின்னு போடுறாங்க. ரெண்டும் ஒண்ணாக்கா?" என்று கேட்டாள். நான் வாயில் குண்டூசி வைத்திருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

வெயில் ஏற ஆரம்பித்த சமயம் அது. இளையவள் கட்டிட வேலைக்காரர்களிடம் சொல்லி, சுவரோரம் நெடுகக் கம்பு நட்டு, ஆளுக்கு மேல் ஒரு ஆள் உயரத்துக்கு அந்தப் பச்சை வலையைக் கட்டச் செய்தாள். புது மாடி எழும்பும்போது தூசி வெளியே வராமல் சுற்றிக் கட்டுவார்களே, அதே வலை. மூத்தவள் வாளி மேல் ஏறிப் பார்த்தாள். பச்சைதான் தெரிந்தது. இறங்கி, தெருவைக் கடந்து, என் மாடிக்கு வந்து, கத்திரிக்கோல் இருந்தால் கொடு என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. துணி வெட்டுவதைக் கொடுக்காமல் மழுங்கினதைக் கொடுத்தேன். அன்றைக்கே வலையில் சரியாக அவள் கண் உயரத்தில் ஒரு ஓட்டை.

ஓட்டையை இளையவள் பார்த்தாள். அதற்குள்ளிருந்து ஒரு கண் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தாள். ஆனால் அடைக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். அவள் எதையும் சும்மா விடுகிற ஆள் கிடையாது.

மறுநாள் வேலைக்குப் போகிறதுக்கு முன்னால், ஓட்டைக்கு நேர் எதிரே இருந்த பாத்தியைக் கிளறினாள். கம்பு நட்டவர்கள் விட்டுப்போன மணல் ஓரமாகக் குவிந்து கிடந்தது. அதில் ஒரு பிடியை அள்ளிப் பழைய பாக்கெட் ஒன்றுக்குள் போட்டதை மாடியிலிருந்து நான் பார்த்தேன். ஓட்டையிலிருந்து அது தெரியாது. பிறகு பாத்திக்கு வந்து குனிந்து, பாக்கெட்டிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக எடுத்து வரிசையாகத் தூவினாள். என்ன பக்தி, என்ன பொறுமை! நாடகத்தில் சேர்ந்திருந்தால் பெரிய ஆளாகியிருப்பாள். மண்ணை மூடி, குச்சியை நட்டு, குல்லாவை மாட்டினாள். பாலக்கீரை. பக்கத்திலேயே இன்னொரு குச்சி, கொத்தமல்லி.

தோட்டம் போடுகிற யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், கொதிக்கிற வெயிலில் பாலக்கீரையும் கொத்தமல்லியும் போடுகிறேன் என்று. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்பார்கள். முளைத்தாலும் ஒரு விரல் வளர்வதற்குள் பூத்துக் கருகிவிடும். மூத்தவளுக்கு அதெல்லாம் தெரியாமலில்லை. ஆனால், அவளே போடுகிறாள் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நினைத்தாள். தன் கண்ணை நம்பாமல் அடுத்தவள் கையை நம்பினவள் அவள். சுவரோரமாக வெண்டைக்கு வைத்திருந்த பாத்தி இரண்டையும் கொத்திக் கீரையும் மல்லியும் போட்டாள். இந்தத் தடவை சிட்டிகைக் கணக்கையும் மறந்துவிட்டாள். பெரிய ரகசியம் கைக்குக் கிடைத்துவிட்டது என்ற வேகத்தில் பாக்கெட்டை முழுசாகக் கவிழ்த்தாள்.

இனிமேல்தான் கேளுங்கள். மத்தியானத்துக்கு மேல் அடிக்கிற வெயில் இளையவள் பக்கமிருந்துதான் மூத்தவள் மண்ணில் வந்து விழும். அந்த வெயில்தான் செடியைக் கொல்லுகிற வெயில். இப்போது நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பச்சை வலை. சுவரோரத்துப் பாத்தி இரண்டும் சாயங்காலம் வரைக்கும் குளுகுளுவென்று நிழலில் கிடந்தன. கீரை முளைத்தது. முளைத்தது மட்டுமில்லை, குளிர்காலம் போல இலை விட்டது. மல்லி வாசனை தெருவைத் தாண்டி என் ஜன்னல் வரைக்கும் வந்தது.

இளையவளோ ஆப்பை அசைத்த குரங்கு போல மாட்டிக்கொண்டாள். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. வெறும் மணலுக்கு தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஓட்டையில் கண் இருக்கிறது, அதனால் அந்தப் பாத்தியில் வேறு விதையும் போட முடியாது. இரண்டு இலை விட்டால் அடுத்ததைப் போடலாம் என்பது அவள் கணக்கு. மணல் எந்தக் காலத்தில் இலை விடும்? சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததும் அடுத்தடுத்து எல்லாம் தள்ளிப்போயிற்று. இருந்த வெண்டையும் அந்த வருஷத்து வெயிலில் பூவை உதிர்த்தது. அவள் தலைக்குள் வைத்திருந்த வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஓட்டை விழுந்தது.

கேன்டீன் அக்கா கூடையோடு வந்தாள், இளையவள் தோட்டத்தைப் பார்த்தாள், நாலு முற்றின வெண்டையைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். மல்லி வாசனை வந்த திசையில் திரும்பினாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மூத்தவள் வீட்டுப் படி. மூத்தவள் டீயில் அன்றைக்குப் போட்ட சர்க்கரையைத் தின்றிருந்தால் எறும்பே தள்ளாடியிருக்கும்.

இளையவள் இந்தப் பக்கம் படியில் தனியாக உட்கார்ந்திருப்பாள். உள்ளே கணவர் தூங்குகிறார். வலைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. கேட்கும், பார்க்க முடியாது. வலை கட்டினவளே அவள்தானே, யாரிடம் போய்ச் சொல்லுவாள்? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். லேப்பில் ரத்தம் எடுக்க இரண்டு தடவை குத்தினதாக, அங்கே சுகர் பார்க்கப் போன என் வீட்டுக்காரரே வந்து சொன்னார்.

விஷயம் வெடித்தது, லேப்புக்கு லீவான ஒரு சாயங்காலம். மூத்தவள் கீரையில் ஒரு கட்டைப் பறித்து, வாளி மேல் ஏறி, ஓட்டை வழியாக நீட்டினாள். அவளை அப்படியொரு கனிவோடு நான் பார்த்ததே இல்லை. ஜெயித்தவர்களுக்கு வருமே, அந்தக் கனிவு.

"ஏம்மா, இந்தா. உன்னுது ஏனோ முளைக்கவே இல்ல, பாவம். விதை சரியில்ல போல. நீ போட்டதைப் பாத்துத்தான் நானும் போட்டேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. வச்சுக்கோ."

திட்டியிருந்தால்கூட இளையவள் தாங்கியிருப்பாள். அந்த 'பாவம்' என்ற வார்த்தை அவளைக் குத்திவிட்டது. கீரையை வாங்காமல், கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் விதையே போடல. மணலைத் தூவினேன். நீங்க பாத்துப் போட்டு நாசமாகணும்னுதான் தூவினேன்."

ஓட்டையில் கீரைக்கட்டு அப்படியே நின்றது. பிறகு மெதுவாக உள்ளே போயிற்று. மூத்தவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று நான் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"அப்போ இது நீ சொல்லிக்கொடுத்தது இல்லையா?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல."

"அப்போ இது என்னோட யோசனைதான்."

வாளியிலிருந்து இறங்கினாள். அன்று ராத்திரிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, வேகாத வெயிலில் கீரை வளர்க்கிற வித்தையை மூத்தவள் தானாகவே கண்டுபிடித்தாள் என்று. மணல் சமாச்சாரத்தையும் சேர்த்தே சொன்னாள். கதைக்கு அது இன்னும் மெருகு கொடுத்தது.

இளையவள் மூளை அப்படி இல்லை. கீரை எதனால் வந்தது என்று அவளுக்கு அன்றைக்கே புரிந்துபோயிற்று. வலையை அண்ணாந்து பார்த்தாள், வெயில் வருகிற திசையைப் பார்த்தாள். மறுநாள் காலையில், அந்தப் பக்கத்துப் படியில் டீ ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே ஏணியைச் சாய்த்து ஏறினாள். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். வலை கழன்று பாதிக்குத் தொங்கிற்று. அந்த இடத்தில் அவள் முகம் தெரிந்தது.

படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள். கேன்டீன் அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்து ஏணியைப் பார்த்தாள். மூத்தவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அக்காவும் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

இளையவள் ஏணியிலேயே நின்றாள். இன்னும் பாதி முடிச்சு இருந்தது. அத்தனையையும் அவிழ்த்துப் போட்டாலும் இனி அவளுக்குத் தெரியப்போவது ஒரு சாத்தின கதவுதான். நான் கையில் இருந்த சட்டையை மறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அவிழ்த்த முடிச்சையெல்லாம் திரும்பக் கட்டினாள். முன்னைவிட இறுக்கமாகவே கட்டினாள். இறங்கினாள். தெருவுக்கு வந்து, பாகம் பிரிந்ததிலிருந்து தாண்டாத மூத்தவள் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

மூத்தவள் பாதிதான் திறந்தாள். "என்ன?"

"கீரை முடிஞ்சதும் அதே இடத்துல என்ன போடப்போறீங்க?"

மூத்தவளின் கண் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் போயிற்று. பார்த்துப் போட அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. மணல்தான் இருந்தது.

"உங்களுக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியும். வெயில் காலத்துக்கு உங்க மண்ணு, குளிருக்கு என் மண்ணு. அப்படி வச்சுக்கிட்டா வருஷம் பூரா அவங்க இந்தத் தெருவை விட்டுப் போக மாட்டாங்க. வலையைத் திரும்பக் கட்டிட்டேன். எனக்கும் ஒரு டீ குடுங்க."

"மண்ணைத் தூவி ஏமாத்தினவளுக்கு டீயா?"

"வாளி மேல ஏறி நின்னவங்க கேக்கலாமா அதை?"

உள்ளேயிருந்து கேன்டீன் அக்காவின் குரல் வந்தது. சண்டையை நின்று போடுவதா உட்கார்ந்து போடுவதா என்று முடிவு பண்ணுங்கள், தனக்கு சூப்புக்கு நேரமாகிறது என்றாள். மூத்தவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, ஒதுங்கி நின்றாள். "சர்க்கரை தீந்துபோச்சு. இருக்கிறதைக் குடி," என்றாள். இளையவள் உள்ளே போனாள். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. தோட்டத்தில் நடந்ததைத்தான் சொல்ல முடியும். மணல் பாத்தியை இளையவள் வெட்டிப்போட்டு, குப்பை எரு இட்டு ஆறவிட்டாள். மூத்தவள் பக்கத்தில் கீரைக்குப் பக்கத்திலேயே புதுக் குச்சி ஒன்று முளைத்தது, அதன் தலையில் ஒரு குல்லா. இரண்டு பேரும் பேசிச் சிரித்துக் கொள்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குளிர் வந்து, தூங்குகிற கணவரைப் பின்கட்டு அறைக்குத் தள்ளிவிட்டு டீ இளையவள் வீட்டுக்கு மாறினதும் மூத்தவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே. அவளும் தினமும் அங்கே போய் உட்காருகிறாள், கேன்டீன் அக்கா யாரிடம் எந்தச் சமாச்சாரத்தை முதலில் சொல்லுகிறாள் என்று வேவு பார்க்க.

ஆனால் இந்தக் கூத்தில் ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. முன்னெல்லாம் டீ வாசல்படியில் நடக்கும். ஆஸ்பத்திரிச் செய்தியில் பாதியாவது காற்றோடு என் மாடிக்கு வந்து சேரும். இப்போது மூன்று பேரும் உள்ளே உட்காருகிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு. வெளியே வருவது சிரிப்பு மட்டும். எந்த டாக்டர், எந்த மருமகள், ஒரு எழுத்து புரிவதில்லை. மூன்று பேரில் ஒருத்திக்காவது, எதிர்வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளையும் கூப்பிடுவோம் என்று தோன்றியதா? நேற்று ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

மொட்டை மாடியில் நாலு தொட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வெயிலில் நிழலுக்கு அந்தப் பச்சை வலை எங்கே கிடைக்கும் என்று மட்டும் விசாரிக்க வேண்டும். கேன்டீன் அக்காவுக்கு மூட்டு வலி, படி ஏற மாட்டாள் என்கிறார் என் வீட்டுக்காரர். கீரை நன்றாக இருந்தால் ஏறுவாள்.